சின்னுசாமியின் ஒத்துழையாமை

பிரபாவதி நர்ஸ் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் முதல் ஒரு வருஷம், யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குழாயடியில் காத்து நின்று, பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்து, சுகாதார நிலையத்து வாசலில் கீரை ஆய்கிற சாக்கில் பொழுதைப் போக்கி, துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு மேலிடமே மனமிரங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அட்டையில் எழுதியே தொங்கவிட்டுவிட்டார்கள்.

அட்டை வந்த கதை இதுதான். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. பிரஷர், சர்க்கரை, மூட்டு என்று அவர் எழுதிவிடுவார். அந்த நோயை வைத்துக்கொண்டு இந்த ஆள் வீட்டில் என்ன அவஸ்தைப்படுகிறார், அதில் நர்ஸ் கையால் ஆகிறது என்ன என்பதை நர்ஸ் தனியாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்குச் ‘செவிலியர் கணிப்பு’ என்று பெயர். அதையும் வாய்க்கு வந்தபடி எழுதக்கூடாது. ஒரு நர்ஸ் ‘அசதி’ என்றும் அடுத்த ஊர் நர்ஸ் ‘சோர்வு’ என்றும் எழுதினால், மேலே கூட்டிப் பார்க்கிறவர்கள் அதை இரண்டு உபாதையாக எண்ணிவிடுகிறார்களாம். அதனால் நூற்றுப் பதினாறு வார்த்தைகளை அச்சடித்துப் புத்தகமாகக் கொடுத்து, எல்லா ஊர் நர்ஸும் இதற்குள்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைகளைச் செய்தவர்கள் இந்த மலைக்கு ஏறி வந்தவர்கள் இல்லை என்பது முதல் பக்கத்தைப் படித்தாலே தெரியும்.

அட்டையை வாங்குகிறவர்கள் அடுப்படிக் கூரையில் செருகித் தொலைத்துவிடுகிறார்கள் என்று, பிரபாவதி அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவு நிலையில் ஆணியடித்து மாட்டச் சொன்னாள். நல்ல பெண். கீழே சேந்தமங்கலம் பக்கம் தோட்டந்துரவு வைத்திருக்கிற குடும்பம். வாசலில் மாட்டினால் யார் யார் நின்று படிப்பார்கள் என்று யோசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒன்று விடாமல் படித்தேன். என் பக்கத்து வீட்டு ராமாயிக்கு ‘உறக்கக் குலைவு’. தூக்கம் வரமாட்டேங்குது என்றுதான் அவள் சொன்னாளாம். இப்படி ஒரு பெரிய வியாதியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். கீழ்வளவு பாப்பாயிக்கு முழங்கால் வலு இல்லை, நடந்தால் தடுமாறுகிறாள். அவள் கதவில் ‘விழும் அபாயம்’ என்று மாட்டியிருந்தது. வீட்டு வரி வாங்க வந்தவர் அதைப் படித்துவிட்டு, படியேறாமல் கீழேயே நின்று, எட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். பாப்பாயி தன் முழங்காலைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, மூன்று வருஷமாக, மழை வந்தால் இன்னும் மோசம் என்று சொல்லியிருக்கிறாள். மனுஷன் ரசீதைக்கூட வேலிக்கு வெளியே இருந்து நீட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் சின்ன சமாச்சாரம். பெரிய சமாச்சாரம் சின்னுசாமி வீட்டு வாசலில் தொங்கியது.

சின்னுசாமிக்கு வயசு எழுபத்து மூன்று. தினமும் முதல் பஸ்ஸில் வாழைத்தாரும் கீரைக்கட்டுமாக எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் கடை போட்டிருக்கும் மகள் சங்கீதாவிடம் கொடுத்துவிட்டு, மதியம் பஸ்ஸில் திரும்பி வருவார். ஒரு நாள் தவறமாட்டார். பிரஷர் இருக்கிறது. சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்கிச் செருப்பு ஏறாது. அதற்காக இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள், இரண்டும் காலையில். ஒன்று பிரஷருக்கு. இன்னொன்று வீக்கத்தின் நீரை இறக்குவதற்கு.

பிரபாவதி மாதா மாதம் வந்து மாத்திரைப் பட்டையைத் திருப்பி எண்ணிப் பார்ப்பாள். பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். நீர் மாத்திரை வாங்கினது வாங்கினபடி இருக்கும். ஏன் போடலீங்க என்று கேட்டால், ‘சும்மாதான் கண்ணு’ என்பார். மறந்துட்டீங்களா என்றால் இல்லை. வயித்தைப் புரட்டுதா என்றால் அதுவும் இல்லை. மூன்று மாதம் இப்படியே போனது. புத்தகத்தைப் புரட்டினாள். கொடுத்த மருந்தைக் காரணமில்லாமல் போடாதவர்களுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து மாட்டிவிட்டுப் போனாள்.

‘ஒத்துழையாமை.’

அதைப் படித்துச் சொன்னவர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தக் காகிதம் வந்தாலும் அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்த பிறகுதான் அதற்கு அர்த்தம் உண்டாகும். அட்டையை ஒரு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“ஏனுங்க சின்னுசாமி, இது சாமானியப்பட்ட வார்த்தையில்லீங்க. வெள்ளைக்காரனுக்கு எதிரா நாடே பண்ணுன காரியத்துக்கு இதுதானுங்க பேரு. கெவருமெண்டு முத்திரையோட குடுத்திருக்கறாங்க பாருங்க.”

வெள்ளைக்காரன் கப்பலேறி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவர் சின்னுசாமி. அதை அவரே எடுத்துச் சொன்னார். நாச்சிமுத்து அசரவில்லை. உங்களுக்கில்லாவிட்டால் உங்கள் தகப்பனாருக்கு இருக்கும், நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்தார்கள். கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு துரை மலையேறி வந்தபோது, அவருடைய பெட்டியைச் சுமந்து வந்தவர்களில் சின்னுசாமியின் தகப்பனாரும் ஒருவராம். பாதி ஏற்றத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்து, ராகிக் களி தின்றுவிட்டுப் படுத்துவிட்டாராம். கோபத்தில் இறக்கினாரா, களைப்பில் இறக்கினாரா என்று அப்போது யாரும் கேட்டுவைக்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு அது தேவையும் படவில்லை. விட்டுப்போன தியாகிக் குடும்பங்களை இப்போது கணக்கெடுக்கிறார்கள், வெளிப்படையாகச் சொன்னால் கூட்டம் கூடிவிடும் என்று நர்சுகளை வைத்துச் செய்கிறார்கள் என்று முடித்துவிட்டார்.

இரண்டே நாளில் செய்தி பள்ளிக்கூடத்துக்குப் போனது. (நான் கொண்டுபோகவில்லை. நான் போவதற்குள் போய்விட்டது.) தலைமை ஆசிரியை பூங்குழலிக்கு சுதந்திர தினம் என்றாலே தலைவலி. கீழே இருந்து அழைக்கிற விருந்தாளிகளுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்வதில்லை. போன வருஷம் வந்தவர் கொடியேற்றி முடிக்கும்வரை மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எலுமிச்சம்பழம் மோந்துகொண்டிருந்தார். உள்ளூரிலேயே ஒரு தியாகி வாரிசு, அதுவும் வாந்தி எடுக்காதவர் இருக்கிறார் என்றதும் பூங்குழலி விழா அழைப்புப் பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டார். ஆகஸ்டு பதினைந்து, கொடியேற்றுபவர் திரு. சின்னுசாமி.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சின்னுசாமி பெயருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். ஒரு மாத்திரையை விட்டதற்கே இந்தப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னொன்றை முழுங்கிக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

ஆகஸ்டு முதல் வாரம் டாக்டர் வந்தார். பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் மூடவில்லை. ஒரு புளியங்கொட்டையை வைக்கலாம் போல அப்படியே நின்றது. பிரஷர் பார்த்துவிட்டு முகம் மாறினார். பதினாறாம் தேதி திரும்ப வருவேன், அப்போதும் இந்த வீக்கம் இப்படியே இருந்தால் நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கையில் போட்டுவிடுவேன், இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னுசாமியின் மனைவி பாவாயி அன்றைக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். காரவள்ளிக்குக் கீழே ஒரு நாள் தங்கியிராத மனுஷனை நாமக்கல்லில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். நான் குடத்தை நிரப்பி அவள் இடுப்பில் ஏற்றிவிட்டேன்.

பிரபாவதி போய்க் கெஞ்சிப் பார்த்தாள். மிரட்டியும் பார்த்தாள். சின்னுசாமி அமைதியாக வாசலைக் காட்டினாராம். “நீதான கண்ணு போட்டுக் குடுத்த. அதக் காப்பாத்தோணுமில்ல?” என்றாராம். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மேலே இருந்து ஒரு படிவம் வந்தது. புத்தகத்தில் உள்ள வார்த்தைகளைத் திருத்தப் போகிறார்களாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே அர்த்தம் சொன்னால் வார்த்தை பிழைத்தது. ஆளுக்கொன்று சொன்னால், அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று நர்ஸ் எழுதி அனுப்ப வேண்டும். ஊரில் மூன்று பேர் சும்மா இருக்கிற இடம் என்று விசாரித்திருக்கிறாள். என் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

நானும் ராமாயியும் சாமை புடைத்துக்கொண்டிருந்தோம். நாச்சிமுத்து பேப்பர் படிக்க வந்திருந்தார். தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவரையும் வாசலுக்கு வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒத்துழையாமை வந்தது. நாச்சிமுத்து வெள்ளைக்காரனில் தொடங்கி, துரையின் பெட்டியில் நடந்து, பதினைந்தாம் தேதி கொடியில் வந்து நின்றார். பிரபாவதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். ராமாயி கொஞ்சம் யோசித்து, அது மாட்டுக்கு வருவது என்றாள். ஒரு நுகத்தில் இரண்டு மாடு கட்டினால் ஒன்று மட்டும் கூடச் சேர்ந்து உழாது, ஒத்து உழாத மாடு, அதை விற்றுவிடுவதுதான் நல்லது. என் முறை வந்தபோது நான், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் இருக்கிறது என்று சொன்னேன்.

மூன்று பேர், மூன்று அர்த்தம். ஒன்றில்கூட மாத்திரை இல்லை. பிரபாவதி படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப அவரு மாத்திரைய நிறுத்துனதுக்கு நான் எழுதுன வார்த்தைதான் காரணமுங்களா?”

“பாதிதான்” என்றேன். “மீதிப் பாதிக்குக் காரணம் நாப்பத்து மூணாவது வளைவு.”

சித்திரை மாதம் ஒரு நாள் முதல் பஸ்ஸில் நானும் போனேன். சின்னுசாமி எனக்கு முன்சீட்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார் போலிருக்கிறது. வளைவுக்கு எண் கீழேயிருந்துதான், இறங்கும்போது எழுபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும்; ஐம்பதாவது வளைவிலேயே நெளிய ஆரம்பித்துவிட்டார். வண்டியை நிறுத்தச் சொன்னார். வளைவில் நிறுத்த முடியாது என்றார்கள். பிறகு நாற்பத்து மூன்றில் நிறுத்தியே தீர வேண்டியதாகிவிட்டது. அவர் பாறைக்குப் பின்னால் ஓடினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “பெருசு, இன்னம் நாப்பத்திரண்டு வளைவு கெடக்குது, எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் வெய்யி” என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. பொய் சொல்லக்கூடாது, நானும் சிரித்தேன். சின்னுசாமி திரும்பி வந்து உட்கார்ந்து, காரவள்ளி வருகிறவரை ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அன்றோடு அந்த மாத்திரை போனது. ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வார்? சும்மாதான் கண்ணு என்றுதான் சொல்வார்.

இதை ஏன் இத்தனை நாள் என்கிட்ட சொல்லல என்று பிரபாவதி கேட்டாள். நியாயமான கேள்வி. ஊரில் பாக்கி எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நர்ஸ் படித்தவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“இது ஒத்துழையாமையே இல்லீங்களே” என்றாள்.

“ஒத்துவரல, அவ்வளவுதான் சாமி” என்றாள் ராமாயி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்குக் கத்திரிக்கா ஒத்துவரல. அவருக்கு அந்த மாத்திரையும் பஸ்ஸும் ஒத்துவரல. இதுக்கு எதுக்குப் பொஸ்தகம்?”

பிரபாவதி அதைப் படிவத்து ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு எழுந்து, எங்களை மறுபடி ஒவ்வொருவராக மாமரத்தடிக்குக் கூட்டிப்போய், ‘ஒத்துவராமை’ என்றால் என்ன என்று கேட்டாள். மூன்று பேரும் ஒன்றையே சொன்னோம்: ஆள்மேல் தப்பில்லை, பொருள்மேலும் தப்பில்லை, இரண்டும் சேரவில்லை. நாச்சிமுத்துகூட வானத்தைப் பார்த்து யோசித்தார். அதில் சரித்திரம் எதுவும் அகப்படவில்லை.

மறுநாள் மதியம் பஸ் வந்த பிறகு அவள் சின்னுசாமி வீட்டுக்குப் போனாள். எனக்கும் பாவாயியிடம் சல்லடை வாங்க வேண்டியிருந்தது. சின்னுசாமி சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வேகவைத்த குச்சிக்கிழங்கு மாதிரி பளபளத்தன. பிரபாவதி பிரஷர் கருவியை எடுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்புச்சி, அந்த நீர் மாத்திரை உங்களுக்கு ஒத்துவரலீங்களா?”

சின்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காக நாலு மாதமாகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

“ஒத்துவரல கண்ணு.”

“காத்தால பஸ்ஸுக்குப் போறதாலீங்களா?”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சல்லடையில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஆமா.”

“அப்ப காத்தால வேண்டாமுங்க. இப்ப மாதிரி பஸ்ஸ விட்டு எறங்கி, ஊட்டுக்கு வந்து, சோறு உண்டுட்டுப் போட்டுக்குங்க. டாக்டர்கிட்டப் போன்ல கேட்டுட்டேன். பிரஷர் மாத்திரைய மட்டும் எப்பவும்போலக் காத்தால.”

“மத்தியானம் போட்டா வேல செய்யுமா?”

“செய்யுமுங்க.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“மொதல்லயே கேட்டிருக்கோணும் அப்புச்சி. தப்பு என்னுதுங்க.”

பாவாயி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சின்னுசாமி அங்கேயே முழுங்கினார். காரியம் முடிந்தது என்று நான் சல்லடையோடு கிளம்பப் பார்த்தேன். பிரபாவதி ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிப் பேனாவைத் திறந்தாள். அவ்வளவுதான். வீங்கின காலோடு அந்த மனுஷன் அப்படி எழுந்து வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. அட்டையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“பதினாறாந்தேதி மாத்து.”

“அப்புச்சி, நீங்கதான் மாத்திரை போட ஆரம்பிச்சுட்டீங்களே. இனி இந்த வார்த்தை இருக்கக்கூடாதுங்க.”

“பதினஞ்சாந்தேதி கொடியிருக்குது கண்ணு. பத்திரிகைல பேரு போட்டுட்டாங்க. சங்கீதாவும் மாப்பளையும் வாராங்க. மாத்திரைய இன்னிக்கே போடறேன். வார்த்தைய மட்டும் பதினாறாந்தேதி மாத்து. ரெண்டும் ஒரே நாள்ல மாறோணும்னு உம்பட பொஸ்தகத்துல இருக்குதா?”

புத்தகத்தில் அப்படி இல்லை. பிரபாவதி சிரித்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு வேளை விட்டாலும் அன்றைக்கே வார்த்தை மாறும். சின்னுசாமி ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். சின்னுசாமி மாத்திரை போடுகிறார் என்று கொடியேறுகிறவரை வெளியே ஒரு வார்த்தை மூச்சுவிடக்கூடாது என்றார்கள். எந்த மாத்திரையும் எனக்கு அத்தனை கசந்ததில்லை.

ஒன்பது நாள். வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு நடந்தேன். ராமாயியிடம் மட்டும் சொன்னேன், அவள் இதில் பாதிப் பங்காளி, அவள்தான் வார்த்தையே கொடுத்தவள். அவள் பாப்பாயியிடம் மட்டும் சொன்னாள். பாவாயி தானாகவே தினமும் மதியம் வந்து, இன்றைக்குச் செருப்பு ஏறியது, இன்றைக்கு வார் மாட்ட முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினான்காம் தேதிக்குள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர் நாச்சிமுத்து ஒருத்தர்தான். அவர் வரவேற்புரை தயாரித்துக்கொண்டிருந்தார், யாருக்கும் அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

பதினைந்தாம் தேதி சின்னுசாமி வெள்ளை வேட்டியில், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கம்பம் நட்டிருந்தது. கயிற்றை இழுத்தார், பூ கொட்டியது. நாச்சிமுத்து முக்கால் மணி நேரம் பேசினார். துரை பெட்டி இப்போது மூன்று பெட்டியாகியிருந்தது. உள்ளே துப்பாக்கியும் வந்துவிட்டது. அத்தனை நேரமும் சின்னுசாமி ஆடாமல் அசையாமல் வெயிலில் நின்றார். நீர் மாத்திரை வீட்டில் மதியத்துக்காகக் காத்திருந்தது.

பூங்குழலி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். சின்னுசாமி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, முன்வரிசையில் நின்ற பிரபாவதியைப் பார்த்தார்.

“எங்கப்பன் பொட்டிய எறக்கி வெச்சாரு. எதுக்கு எறக்கி வெச்சேன்னு அவர யாருமே கேக்கல. என்னையக் கேட்டாங்க.”

அவ்வளவுதான். பிள்ளைகள் சின்னப் பேச்சு என்ற சந்தோஷத்தில் கை தட்டினார்கள். நாச்சிமுத்து இதில் ஏதோ ஆழம் இருக்கிறது என்று தலையாட்டினார். பிரபாவதி குனிந்து கைக்குட்டை தேடினாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இரண்டாவது காலிலும் அழுத்திப் பார்த்தார். பிரஷரும் இறங்கியிருந்தது. நாமக்கல் வேண்டாம் என்றார். பாவாயி அவருக்குக் கொடுத்த வாழைத்தாரை ஜீப்பில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

பிரபாவதி அட்டையைக் கழற்றி ஸ்கேலை வைத்தாள். சின்னுசாமி பக்கத்தில் போய் நின்றார்.

“படிக்கற மாதிரி அடிச்சுக் குடு சாமி.”

அப்படித்தான் அடிக்க வேண்டுமாம். நர்சுகள் எழுதினதை மசியால் மெழுகி மறைக்கக்கூடாது, ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். ஒரு கோடு போட்டாள். கீழே ‘ஒத்துவராமை’ என்று எழுதி, அதற்கும் கீழே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினாள்.

ஐப்பசியில் திருத்திய புத்தகம் வந்தது. ‘மருந்து முறை ஒத்துவராமை’ என்று அச்சிலேயே வந்துவிட்டது. இதே மலையில் இருக்கிற அரியூர் நாட்டு ஊர்களிலும் இனி அதைத்தான் எழுதுவார்கள். ராமாயியிடம் சொன்னேன், கத்திரிக்காயைப் போட்டார்களா என்று கேட்டாள். பாப்பாயி கதவில் ‘நடையில் தடுமாற்றம்’ என்று மாற்றியாயிற்று, வரிக்காரர் போன வாரம் உள்ளே வந்து காப்பி குடித்தார்.

சின்னுசாமி வீட்டு அட்டை மட்டும் மாறவில்லை. புது அட்டை தருகிறேன் என்று பிரபாவதி சொன்னதற்கு, இதுவே இருக்கட்டும் என்றுவிட்டார். வெளியூர்க்காரர்கள் வந்தால் கோடு போட்ட வார்த்தையைத்தான் முதலில் படிக்கிறார்கள். படித்துவிட்டு, இது என்னங்க என்று கேட்கிறார்கள். சின்னுசாமி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.